கையைப் பார்க்காம டிக் போட்டது

சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க. யூராலஜி வார்டுக்குப் புதுசா வர்ற பிள்ளைங்க எல்லாம் முதல் வாரம் சிரிக்கத்தான் செய்யும். நானும் சிரிச்சவதான். ஆணுறுப்புல இம்ப்ளான்ட் வைக்கிற கேஸுன்னு லிஸ்ட்டுல பார்த்தா, பேனாவைக் கீழ போட்டுட்டு, அதைக் குனிஞ்சு எடுக்கற சாக்குல சிரிச்சுட்டு நிமிருவேன். இன்னிக்கு உங்களைப் பார்த்தா எனக்கு என்னையே பார்க்கற மாதிரி இருக்குது.

மருந்தோட பேரு, தையல் எத்தனை நாள்ல பிரிக்கணும், இதெல்லாம் உங்க புஸ்தகத்துல இருக்குது. நான் ரிட்டயர் ஆனவ, மறந்தும் போச்சு. மறக்காத ஒண்ணு இருக்குது. அது நான் பண்ண தப்பு. அதைச் சொல்லிட்டுப் போறேன். பேரை மாத்தித்தான் சொல்றேன், அதனால யாரு யாருன்னு தேடாதீங்க.

ஏழுமலைன்னு வெச்சுக்கலாம். மரக்காணத்துல சொந்தமா கொஞ்சம் உப்பளம் வெச்சிருந்தவர். சொந்தம்னா கரையில நின்னு வேலை வாங்கற ஆளு இல்ல. தானே பாத்தியில இறங்கி, பலகையைப் பிடிச்சு உப்பு வார்ற மனுஷன். அறுபது வயசு கிட்ட. நானும் மரக்காணத்துக்காரிதான். தினமும் பாண்டிச்சேரி பஸ்ல ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ஜன்னல் வழியா அந்தப் பாத்தியைப் பார்த்துக்கிட்டேதான் போவேன். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி இதுக்காகத்தான் வெக்கப்பட்டேன்.

அவருக்கு ப்ராஸ்டேட்ல புத்துநோய். எங்க ஆஸ்பத்திரியிலதான் ஆபரேஷன் பண்ணி எடுத்தோம். நல்லபடியா எடுத்தாச்சு, டெஸ்ட்டெல்லாம் சுத்தமா வந்துச்சு. ஆனா அந்த இடத்துல ஓடற நரம்பு சில பேருக்குப் பிழைக்காது. இவருக்குப் பிழைக்கல. மாத்திரை, ஊசின்னு ஒரு வருஷத்துக்கு மேல பார்த்தாச்சு, ஒண்ணும் நடக்கல.

ஒரு நாள் ஓ.பி.யில எல்லாரும் போற வரைக்கும் ஓரமா உக்காந்திருந்தார். டோக்கன் நம்பர் கூப்பிட்டும் எழுந்திருக்கல.

"இன்னாங்க, உங்க நம்பர் போயி அரை மணி நேரம் ஆகுது."

"டாக்டரு கிட்ட ஒரு விஷயம் சொல்லணும் சிஸ்டர். உங்க காதுல விழக்கூடாது."

"பஞ்சு வெச்சுக்கறேன், போங்க உள்ள."

பஞ்சும் வைக்கல, ஒண்ணும் வைக்கல. அந்த ரூம் கதவு தகரக் கதவு, அப்படியே கேட்டுச்சு. "கட்டியை எடுத்துட்டீங்க சார், உசுரு இருக்குது. ஆனா வூட்டுல நான் இருக்கறதாவே எனக்குத் தோணல. அவ மூஞ்சியப் பார்க்க முடியல. அளத்துல மோட்டார் கொட்டாய் இருக்குது, ஒரு வருஷமா அங்கதான் படுக்கை." அப்புறம் டாக்டர் தண்ணி குடிங்கன்னு சொன்னது மட்டும் கேட்டுச்சு. பேனாவைக் கீழ போட்டுச் சிரிக்கிறவ, அன்னிக்கு சிரிக்கல.

அவர் பொண்டாட்டி மல்லிகா வெளிய பெஞ்சில உக்காந்திருந்தாங்க. டெய்லரம்மா. ஜாக்கெட் தைப்பாங்க. எப்ப வந்தாலும் மடியில ஒரு துணிப்பை இருக்கும், அதுல ஊக்கு தைக்க வேண்டிய ஜாக்கெட் இருக்கும். தலையைத் தூக்காமலே, "டாக்டரு இன்னா சொன்னாரு சிஸ்டர்?"னு கேப்பாங்க. "எல்லாம் நல்லா இருக்குதும்மா"ன்னு சொல்லிட்டு நான் நகந்துடுவேன்.

இம்ப்ளான்ட்ல ரெண்டு வகை இருக்குது. ஒண்ணு வளையற குச்சி மாதிரி, எப்பவும் கெட்டியாவே இருக்கும், வேணுங்கறப்ப நிமித்திக்கலாம். இன்னொண்ணு பம்ப் வெச்சது. விதைப்பைக்குள்ள கொட்டைப்பாக்கு அளவுல ஒரு பம்ப். அதை அழுத்தினா வயித்துக்குள்ள இருக்கற பையிலருந்து தண்ணி வந்து உறுப்புல நிரம்பும். பம்ப் மேல ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினா தண்ணி திரும்பிப் போயிடும், வெளிய ஒண்ணும் தெரியாது. டாக்டர் இதைச் சொன்னப்ப ஏழுமலை கேட்டார், "இன்னா தண்ணி சார்?"

"உப்புத் தண்ணிதான். சலைன்."

"அடப்பாவி! அங்கயும் உப்புத் தண்ணிதானா?" அத்தனை மாசத்துல அவர் வாய்விட்டுச் சிரிச்சு அன்னிக்குத்தான் பார்த்தேன்.

எது வைக்கலாம்னு டாக்டரும் நானும் ரொம்ப புத்திசாலித்தனமா யோசிச்சோம். கைலியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு நாள் பூரா குனிஞ்சு வேலை செய்யற மனுஷன். சுத்தி ஆம்பளை பொம்பளைன்னு இருபது பேரு. குச்சி வெச்சா துணிக்குள்ள தெரிஞ்சிடும், மானம் போயிடும். அதனால பம்ப்தான் சரின்னு முடிவு பண்ணோம். நான்தான் அதை முதல்ல சொன்னேன். ஊரைத் தெரிஞ்ச சிஸ்டர்னு டாக்டர் பாராட்டக்கூட செஞ்சார்.

பம்ப் வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஃபாரம் நிரப்பணும். அதுல ஒரு கேள்வி, கைவிரல் நல்லா வேலை செய்யுதான்னு. நான் அவரைப் பார்க்கக்கூட இல்ல. டன் கணக்குல உப்பு வார்ற ஆளு, இவர் கையில இன்னா குறைன்னு டிக் போட்டேன். அதுக்கு அடுத்து, மனைவிக்குத் தெரியுமான்னு ஒரு கேள்வி. "வூட்டுல சொல்லிட்டீங்களா?"ன்னேன். "சொல்லிட்டேன் சிஸ்டர்"னு தலையாட்டினார். அதுக்கும் ஒரு டிக்.

ஆபரேஷன் நல்லா நடந்துச்சு. புண்ணு ஆறி, ஆறு வாரம் கழிச்சு பம்பை எப்படி அழுத்தணும்னு சொல்லிக் குடுக்கற நாள். மல்லிகாம்மா கூடவே எழுந்து வந்தாங்க. நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "நீங்க வெளியவே உக்காருங்கம்மா, ஆம்பளைங்க சமாச்சாரம்." அவங்க பெஞ்சுக்குத் திரும்பிப் போயி ஊக்கு தைக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஸ்கிரீனுக்குள்ள எங்க ஆம்பளை நர்ஸ், பிரதர்னு கூப்பிடுவோம், அவர் அழுத்திக் காட்டினார், இறக்கிக் காட்டினார். "புரிஞ்சுதுங்களா?" "புரிஞ்சுது." "நீங்க ஒரு தடவை பண்ணுங்க." "வூட்டுல பண்ணிக்கறேன், புரிஞ்சுது." கூச்சப்படறார்னு விட்டுட்டோம்.

மூணு மாசம் கழிச்சு வந்து நின்னார். எடுத்துடுங்கன்னார்.

வலி இல்ல, ஜுரம் இல்ல, சீழ் இல்ல. டாக்டர் செக் பண்ணார், பம்ப் அழகா வேலை செஞ்சுது. "அப்புறம் எதுக்கு எடுக்கணும்?"னு கேட்டா, "உடம்பு ஒத்துக்கல"ங்கறதைத் தவிர வேற வார்த்தை வரல. மனநல டாக்டர்கிட்ட அனுப்பினோம். அங்கயும் அதே பாட்டு. எடுத்துட்டா உள்ள தசை சுருங்கிப் போயிடும், மறுபடி வைக்கிறது ரொம்ப கஷ்டம்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். மனுஷன் அசையல. கடைசியில டாக்டருக்கும் கோவம் வந்துடுச்சு. "பம்ப் நல்லாத்தான் இருக்குது சிஸ்டர், அவர் மனசுதான் வேலை செய்யல. வேணாம்னா வெச்சிருக்க முடியுமா? அட்மிட் பண்ணுங்க." கையெழுத்து வாங்கியாச்சு, மறுநாள் பதினோரு மணிக்குத் தியேட்டர்னு எழுதியாச்சு.

மறுநாள் காலையில எட்டு மணிக்கு நான் மாத்திரை குடுக்கப் போனேன். அவருக்கு அப்பப்ப நெஞ்செரிச்சல் வரும், அதுக்கு ஒரு சின்ன மாத்திரை. மல்லிகாம்மா கேன்டீனுக்குப் போயிருந்தாங்க. மாத்திரையை அவர் உள்ளங்கையில வெச்சேன். அவர் அதை விரலால எடுக்கல. கையை அப்படியே வாய்க்குக் கொண்டு போயி நாக்கால நக்கி எடுத்துக்கிட்டார்.

இதை நான் முன்னாடியே பார்த்திருக்கேன். ஒவ்வொரு தடவை அட்மிட் ஆனப்பவும் பார்த்திருக்கேன். பட்டிக்காட்டுப் பழக்கம்னு நினைச்சிருக்கேன், சிவனேன்னு போயிருக்கேன். அன்னிக்கு மாத்திரை ட்ரேயைக் கட்டில் மேல வெச்சுட்டேன்.

"கையைக் காட்டுங்க."

"எதுக்கு சிஸ்டர்?"

"காட்டுய்யா!" மரியாதையெல்லாம் பறந்துடுச்சு.

அவர் கையை அத்தனை மாசத்துல அன்னிக்குத்தான் முதல் தடவையா பிடிச்சுப் பார்த்தேன். தோலா அது? மாட்டுக் குளம்பு மாதிரி இருந்துச்சு. விரல் நுனியெல்லாம் தடிச்சு, வெடிச்சு, மறுபடி மூடி. என் பாக்கெட்ல ஒரு சட்டை பட்டன் கிடந்துச்சு. அதைப் போர்வைக்கு அடியில வெச்சு, மேல தடவி எங்க இருக்குதுன்னு சொல்லுங்கன்னேன். தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார். பட்டன் மேலயே விரல் போச்சு, வந்துச்சு. அவருக்குத் தெரியல. அப்புறம் கையை இழுத்துக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டார்.

"எத்தனை வருஷமா?"

"பத்து வருஷம் இருக்கும். மரத்துப் போச்சு. சூடு, சில்லு எதுவும் தெரியாது. டீ டம்ளரைக்கூட அவதான் தொட்டுப் பார்த்துக் குடுப்பா."

"வீட்டுல அந்தப் பம்ப்?"

"தேடினேன் சிஸ்டர். மூணு மாசமா தேடறேன். கொட்டாயில தனியா உக்காந்து தேடறேன். எது பம்பு, எது என் உடம்புன்னு தெரியல."

"இதை எங்ககிட்ட சொல்லக்கூடாதா?"

"நீங்க எல்லாம் எவ்ளோ பாடுபட்டீங்க. பிரதரு அவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்தாரு. எல்லாம் சரியா இருக்குது, என் கைதான் சரியில்லன்னு எந்த வாயால சொல்றது?"

எனக்கு அழுகை வந்துடுச்சு. வெக்கப்படாம சொல்றேன், அவர் முன்னாடியே கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். டிக் போட்டது நான். தெனம் அந்த அளத்தைத் தாண்டி பஸ்ல போன ஊர்க்காரி நான். அவர் துணியை யோசிச்சோம், அவர் கையை ஒருத்தரும் யோசிக்கல.

"வீட்டம்மாவுக்கு விரல் நல்லா இருக்குதே. அவங்க அழுத்தக்கூடாதா?"ன்னு கேட்டேன்.

அவர் முகம் வெளுத்துப் போச்சு. "அவளுக்குத் தெரியாது. மூத்திரக் குழாய்ல அடைப்பு, அதுக்குத்தான் ஆபரேஷன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

நான் போட்ட இன்னொரு டிக்கும் போச்சு.

டாக்டருக்கு போன் பண்ணலாம்னு வராண்டாவுக்கு வந்தா, மல்லிகாம்மா டீ ஃபிளாஸ்கோட எதிர்ல வர்றாங்க. என் சிவந்த கண்ணைப் பார்த்துட்டாங்க. ஃபிளாஸ்கைப் பெஞ்சில வெச்சுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"சிஸ்டர், நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லிடுங்க. புத்துநோய் திரும்பி வந்துடுச்சா?"

"அய்யோ, இல்லம்மா!"

"பொய் சொல்லாதீங்க. அடைப்புன்னாரு, ஆபரேஷன் பண்ணாரு. இன்னிக்கு மறுபடி ஆபரேஷன்ங்கறாரு. வூட்டுல படுக்கறதில்ல, பக்கத்துல வந்தா எழுந்து போயிடறாரு. சாவப்போறவரு ஒட்டுதலை அறுத்துக்கறாருன்னு எனக்குத் தெரியாதா? எத்தனை நாளுன்னு மட்டும் சொல்லுங்க. புள்ளைங்களுக்குச் சொல்லணும் இல்ல?"

நல்லா கேட்டுக்கோங்க, இந்த இடத்துக்குத்தான் இவ்ளோ நேரம் வந்தேன். வாய் வரைக்கும் வந்துடுச்சு எனக்கு. ரெண்டு வார்த்தை சொன்னா அந்தம்மா நெஞ்சுல இருக்கற பாறை இறங்கிடும். ஆனா அது என் விஷயம் இல்லியே. அந்த மனுஷன் உடம்பு, அந்த மனுஷன் மானம். அவர் வாயால வராம நான் சொல்லிட்டா, அவர் இந்த அம்மா மூஞ்சியில இனிமே எப்படி முழிப்பார்? சொல்லாம விட்டாலும் பாவம். நாக்கைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

"மல்லிகாம்மா, நோய் திரும்பல. அது என் புள்ளைங்க மேல சத்தியம். மிச்சத்தை அவரே சொல்லுவார். பத்து நிமிஷம் இங்கயே இருங்க."

டாக்டருக்கு போன் போட்டேன். "சார், பதினோரு மணி கேஸை நிறுத்துங்க." "சிஸ்டர், தியேட்டர் ரெடி, மயக்க மருந்து டாக்டர் வந்தாச்சு." "சார், பம்ப்ல தப்பு இல்ல, மனசுலயும் தப்பு இல்ல. நீங்களும் நானும் அவர் கையைப் பார்க்கல. ஒரு மணி நேரம் குடுங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்." "நான் வர்றேன்"னார்.

உள்ள போயி ஏழுமலை பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தேன்.

"உங்க பொண்டாட்டி வெளிய இன்னா கேட்டாங்க தெரியுமா? நீங்க செத்துப் போறதுக்கு இன்னும் எத்தனை நாளுன்னு கேட்டாங்க."

அவருக்குப் புரியல. புரிய வெச்சேன். கொட்டாய்ல படுக்கறதுக்கு அந்தம்மா கண்டுபிடிச்ச காரணம் அதுன்னு சொன்னேன். மனுஷன் ரெண்டு கையாலயும் தலையில அடிச்சுக்கிட்டார். "அய்யோ, அவ அப்படியா நெனச்சுக்கினு இருக்கா? நீங்களே சொல்லிடுங்க சிஸ்டர், என்னால முடியாது."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. வேணும்னா நான் பக்கத்துல நிக்கறேன்."

மல்லிகாம்மாவைக் கூப்பிட்டேன். ஸ்கிரீனை இழுத்து விட்டேன். ஏழுமலை கட்டில்ல உக்காந்துக்கிட்டு தரையைப் பார்த்து, சொல்லத் தெரியாம சொன்னார். முதல் ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு முடியலன்னார். உனக்குப் புருஷனா இல்லாம வூட்டுல எப்படிப் படுக்கறதுன்னார். அதுக்காக ஒண்ணு வெச்சாங்க, அதை அழுத்தக்கூட என் கைக்கு வரலன்னார். சொல்லி முடிச்சுட்டு கையை மடியில திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்துட்டார்.

மல்லிகாம்மா அந்தக் கையைப் பார்த்தாங்க. அப்புறம் திட்ட ஆரம்பிச்சாங்க பாருங்க.

"ஏன்யா, இதுக்கா? இதுக்கா என்னை ரெண்டு வருஷமா அழவிட்ட? நான் தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கினு இருக்கேன், நீ பம்பைத் தேடிக்கினு இருந்தியா? நான் கேட்டனா உன்னை, அது வேணும் இது வேணும்னு? பக்கத்துல படுத்தா போதாதா எனக்கு?" பேசிக்கிட்டே அழறாங்க, அழுதுகிட்டே அவர் தோள்ல அடிக்கறாங்க. அவரும் அழறார். நான் ஜன்னல் கம்பியை எண்ணிக்கிட்டு நின்னேன்.

திட்டி ஓஞ்சதும் மூக்கைத் துடைச்சுக்கிட்டு என் பக்கம் திரும்பினாங்க. "எங்க இருக்குது அது? எவ்ளோ பெருசு?"

சொல்லிக் குடுக்கறதுக்குன்னு ஒரு மாடல் பம்ப் வெச்சிருப்போம். அதைப் போர்வைக்கு அடியில வெச்சேன். ஏழுமலையைப் பார்த்து, "அம்மா கத்துக்கலாமா? உங்களுக்குச் சம்மதமா?"ன்னு கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன். அவர் தலையாட்டினார், ஆனா நான் விடல. "வாயால சொல்லுங்க"ன்னேன். "சம்மதம்"னார்.

பம்ப் எப்படி இருக்கும், பட்டன் எங்க இருக்கும்னு சொன்னேன், மல்லிகாம்மா போர்வை மேல கையை வெச்ச உடனே பிடிச்சுட்டாங்க. "இதோ இருக்குது. இது மேல ஒரு சின்ன மேடு இருக்குது, இதுதான் பட்டனா? அட, பிளவுஸ் ஊக்கு இதைவிடப் பொடிசு சிஸ்டர்." மூணே நிமிஷம்தான். அழுத்தறது, இறக்கறது எல்லாம் கத்துக்கிட்டாங்க.

அதுக்குள்ள டாக்டர் வந்துட்டார். ஏழுமலை கையை எடுத்து, பேனா மூடியால ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டு, "தெரியுதா? இது தெரியுதா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தார். பத்து விரலும் முடிஞ்சதும், "இதை நான் முதல் நாளே பண்ணியிருக்கணும்யா"ன்னார். சுகர் இல்லன்னு ஏற்கெனவே தெரியும், நரம்பு டாக்டரையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லி எழுதினார். தியேட்டர் லிஸ்ட்டுல அந்தப் பேரை அவரே அடிச்சார்.

அப்புறம் அவங்க ரெண்டு பேரையும் ஸ்கிரீனுக்குள்ள விட்டுட்டு, நாங்க வெளிய வந்துட்டோம். எனக்கு உக்கார இடம் இல்ல. மல்லிகாம்மா உக்காந்த பெஞ்சுதான் காலியா இருந்துச்சு. போயி உக்காந்தேன். அவங்க ஜாக்கெட் பையை மடியில எடுத்து வெச்சுக்கிட்டேன். அத்தனை தடவை அந்தம்மா இங்க உக்காந்து இன்னா நினைச்சிருப்பாங்கன்னு அன்னிக்குத்தான் யோசிச்சேன். உள்ளருந்து மல்லிகாம்மா, "யோவ், ஆடாத, சும்மா இரு"ன்னாங்க. அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாம, சின்னப் பிள்ளைங்க மாதிரி சிரிச்சாங்க.

சாயங்காலம் டிஸ்சார்ஜ். கிளம்பறப்ப மல்லிகாம்மா ஃபிளாஸ்க் டீயை டம்ளர்ல ஊத்தி, விரலால தொட்டுப் பார்த்து, ஊதி, அப்புறம் அவர் கையில குடுத்தாங்க.

நீங்க ஃபாரம் நிரப்புங்க, வேணாங்கல. ஆனா டிக் போடறதுக்கு முன்னாடி அந்தக் கையை உங்க கையில வாங்கிப் பாருங்க. "வூட்டுல சொல்லிட்டேன்"னு சொன்னா, தலையாட்டறதை நம்பாதீங்க. பெஞ்சில உக்காந்திருக்கறவங்களை உள்ள கூப்பிடலாமான்னு அவரையே கேளுங்க. "புரிஞ்சுது"ன்னு சொல்ற ஆளை ஒரு தடவை செய்யச் சொல்லிப் பாருங்க, கூச்சப்பட்டா கூடவே காத்திருங்க. எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்.

ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் ஒரு தடவை ஜாக்கெட் தைக்கக் குடுக்க மல்லிகாம்மா வீட்டுக்குப் போனேன். வாசல்ல மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஏழுமலை அளத்துக்குப் போயிருந்தார். அளவு எடுத்தாங்க, கழுத்து எவ்ளோ இறக்கம்னு கேட்டாங்க, வார்டைப் பத்தி நானும் பேசல, அவங்களும் பேசல. கிளம்பறப்ப எனக்குத்தான் வாய் சும்மா இருக்கல.

"மோட்டார் கொட்டாயில அவர் படுக்கை ஒண்ணு இருந்துச்சே, இன்னும் இருக்குதா?"

ஊசியில நூலைக் கோத்துக்கிட்டே, தலையைத் தூக்காம சொன்னாங்க, "இருக்குது சிஸ்டர். இப்ப அதுல நாய்தான் படுக்குது."